மேல் வீட்டில் யாரும் இல்லை

முதலில் பாய்லர் இருமும். பிறகு குழாய்கள் ஒவ்வொன்றாக முனக ஆரம்பிக்கும். கூரைத் தகரத்தில் திரண்ட ஆவி சொட்டுச் சொட்டாக எங்கள் தலையில் விழுந்தால், வெளியே இருட்டாகவே இருந்தாலும், சலவைக்கூடத்தில் பொழுது விடிந்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு அழுக்குப் பிரிக்கிற வேலை. ஆஸ்பத்திரி விரிப்பு ஒரு பக்கம், லாட்ஜ் விரிப்பு ஒரு பக்கம். ரத்தம் பட்டது தனி, எண்ணெய் பட்டது தனி. மூட்டையை அவிழ்த்ததும் மூக்கு வேறு பக்கம் திரும்பும், கை நிற்காது. இந்த ஊரார் எப்படித் தூங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்த மாதிரி அவர்கள் வீட்டாருக்கே தெரியாது. யார் ராத்திரி முழுக்கப் புரண்டார், யார் தலையணையில் அழுதார், எல்லாம் துணி சொல்லிவிடும். இதைத்தான் இங்கே ஊர்வம்பு என்கிறார்கள். வம்பு என்ன வம்பு, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை.

நான் பிரித்தது வெந்நீரில் வெந்து, சுழன்று, பிழிபட்டு, கடைசியில் ரோலருக்குப் போகும். இரண்டு நீளமான இரும்பு உருளைகள், உள்ளே நீராவி. ஈர விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து, சுருக்கம் விழாமல் உதறி, உருளைகள் கவ்வுகிற அந்த நொடியில் விரலை எடுத்துவிட வேண்டும். துணி உள்ளே போகலாம், விரல் போகக் கூடாது. அந்த வேலையில் நிற்பவள்தான் ரோலர் அக்கா. அவள் பெயரைச் சம்பளக் கவரில் பார்த்திருக்கிறேன், யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

அக்காவின் விரல் நுனிகளில் ரேகை கிடையாது. தேய்ந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருக்கும். கொதிக்கிற டீ கிளாஸை அடியில் பிடித்துக்கொண்டு கதை கேட்பாள். அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவாள். சுடலையா என்று கேட்டால், மரத்துப்போச்சுடி என்பாள், மழை வருதுடி என்கிற குரலில். மனசும் அப்படித்தான் ஆகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். நல்லது கெட்டது எதைச் சொன்னாலும் ‘அப்படியா’ என்று ஒரே ஒரு வார்த்தை. வம்பு பேசுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

அவள் புருஷன் சலவைக்கூடத்தின் வேன் ஓட்டுகிறவர். மகள் மடிப்புப் பகுதியில். மூன்று பேரும் இருட்டில் பூட்டிக்கொண்டு வந்து, இருட்டில் திறந்துகொண்டு உள்ளே போகிற குடும்பம். சமையல் ராத்திரியோடு சரி. சாப்பாட்டு டப்பாக்களை நாங்கள் எல்லோரும் நீராவிக் குழாயின் மேல் வரிசையாக வைத்துவிடுவோம், மத்தியானம் தானே சூடாகியிருக்கும். அதுபோலவே, கடைசிச் சுற்று எங்களுடையது. ஆஸ்பத்திரித் துணி முடிந்து, தண்ணீர் இன்னும் சூடாக இருக்கும்போது எங்கள் வீட்டுத் துணியையும் போட்டு எடுத்துவிடுவோம். ரோலரிலேயே காய்ந்து, மடிந்து, பையோடு வீட்டுக்கு வரும். முதலாளிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். அவர் சட்டைக்கும் கஞ்சி அங்கேதான் ஏறுகிறது. எவ்வளவு கஞ்சி என்றால், அவர் வருவதற்கு முன்னால் சட்டை வரும் சத்தம் கேட்கும். அதனால் அவருக்கு மொடமொடா என்று பெயர். அவர் முகத்துக்கு நேரே மட்டும் முதலாளி.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அக்காவின் வீடு போகப் பார்த்தது இதனால்தான்.

முன்பெல்லாம் அக்கா குடும்பம் சலவைக்கூடத்தின் பின்வரிசையில் இருந்தது. முதலாளி கட்டிவிட்ட அறைகள். வாடகை சம்பளத்திலேயே கழிந்துவிடும், கையில் வருவது கவரும் கொஞ்சம் காற்றும். சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர். படுத்தால் முதுகு வேகும். வேறு இடம் பார்க்கலாம் என்று அக்காவும் நானும் வேலை முடிந்து ராத்திரிகளில் அலைந்தோம். ஊருக்கு வெளியே பெரிய ஆஸ்பத்திரி வந்ததிலிருந்து இந்தச் சின்ன ஊரில் மாட்டுக் கொட்டகைக்குக்கூட மவுசு. நோயாளியோடு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் மாத வாடகையைவிடப் பல மடங்கு வருமாம். ஒரு வீட்டுக்காரி எத்தனை தலை, ஒரு தலைக்கு எத்தனை வாளி என்று கேட்டாள். இன்னொருவர் சலவைக்காரங்களா, அப்ப தண்ணி நிறைய செலவாகுமே என்று கதவைச் சாத்தினார். அக்கா எல்லாக் கதவுக்கும் அப்படியா என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

பிறகுதான் பாதி வாடகை வீடு வந்தது. அரசாங்கம் கட்டிய மூன்று மாடிக் கட்டடம். வாடகையில் பாதியை அவர்கள் போட்டுக்கொள்வார்கள், மீதிப் பாதி நம்முடையது. அதனால் கட்டடத்துக்கே அந்தப் பெயர். மனுப் போட்டு, காத்திருந்து, மறந்தே போன பிறகு எனக்கும் அவளுக்கும் இரண்டாம் மாடியில் எதிரெதிர் வீடு கிடைத்தது. சாவி கையில் வந்த அன்று அக்கா உள்ளே போய் ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சுடலடி என்றாள். அவள் சொன்னதிலேயே கொஞ்சம் உணர்ச்சி இருந்த வாக்கியம் அதுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. வீட்டில் குடியிருக்க வேண்டும். வாங்கிப் பூட்டிப்போட்டாலோ, உள்வாடகைக்கு விட்டாலோ, பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்து படியேறினால், அக்கா வீட்டுக் கதவில் தாள் ஒட்டியிருந்தது. குடியில்லாத வீடு என்று தெரிய வந்ததால் ஒதுக்கீடு ரத்து, மாதக் கடைசிக்குள் சாவியை ஒப்படைக்கவும். அக்கா மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்படியா என்றாள். பூட்டைத் திறந்து உள்ளே போய், கால் கழுவி, அடுப்பைப் பற்ற வைத்தாள். வெளியே நின்று அடித்துக்கொண்டது நான்தான்.

விவரம் கீழ் வீட்டுத் தையல்காரரிடமிருந்து வந்தது. அவரே பெருமையாகச் சொன்னார்.

எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோளில் பை, சட்டைப்பையில் பேனாவோடு யாராவது வந்து இன்னார் இருக்கிறாரா என்று கேட்டால், இல்லை என்று சொல்லிவிட வேண்டும். கட்டிலோ மிக்சியோ தவணையில் வாங்காத வீடு இங்கே கிடையாது. வசூலுக்கு வருகிறவன் முகத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இல்லை என்று சொன்னால் அவனுக்கு ஒரு மாதம் போய்விடும். இன்று நீ எனக்குச் சொன்னால் நாளை நான் உனக்கு. பேசி வைத்துக்கொண்டதல்ல, மூச்சு விடுகிற மாதிரி.

அன்றைக்குப் பகலில் பையோடு ஒருவர் வந்திருக்கிறார். படியேறி, பூட்டைப் பார்த்து, பால்கனிக் கம்பியைப் பார்த்திருக்கிறார். கம்பியில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் எல்லாம் மடித்து அடுக்கிக் கடைபோல இருக்கிறது. இறங்கி வந்து தையல்காரரிடம் மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்.

“மேல் வீட்டில யாரும் இல்லீங்க,” என்றிருக்கிறார் தையல்காரர். அதோடு விட்டாரா? தையல்காரர் அல்லவா, ஓரம் அடிக்காமல் விட மாட்டார். ஆறு மாதமாகப் பூட்டியே கிடக்கிறது, ஊரை விட்டே போய்விட்டார்கள் போல, நல்ல மனுஷங்க என்று மடித்துத் தைத்து அனுப்பியிருக்கிறார்.

வந்தவர் இந்த வீடுகளை ஒதுக்கிக் கொடுக்கிற வீட்டு அலுவலகத்தின் ஆள். யார் குடியிருக்கிறார்கள் என்று சரிபார்க்க வந்தவர்.

என் வீட்டை அவர் பார்க்கவே இல்லை. என் மாமியார் உள்ளே இருமிய இருமலே போதுமான அத்தாட்சியாக இருந்திருக்கும்.

விஷயம் புரிந்ததும் தையல்காரருக்கு முகம் வெளிறிப்போனது. அக்காவிடம் வந்து, தங்கச்சி, நான் தவணைக்காரன்னு நெனச்சுட்டேன் என்றார். அக்கா, நானா இருந்தாலும் அப்படித்தாண்ணே சொல்லியிருப்பேன் என்றாள். கோபித்துக்கொண்டிருந்தால் மனிதருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டு அலுவலகத்துக்குப் போனோம். அக்கா, வேன்காரர், தையல்காரர், கூடவே நானும். அன்றைக்குப் பையோடு வந்த பைக்காரர் மேசைக்குப் பின்னால் இருந்தார். பார்த்தால் அவரும் நன்றாகத் தூங்காதவர்தான், காலரைப் பார்த்தே சொல்லிவிடுவேன். தையல்காரர் தான் சொன்னது பொய் என்று எடுத்துச் சொன்னார்.

“அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?” என்றார் பைக்காரர். “உங்க பேச்சை வெச்சு நான் எதை எழுதறது?”

தையல்காரருக்கு முதல் தடவையாக நூல் அறுந்தது.

பைக்காரர் கெட்டவர் இல்லை. இரண்டு வழி சொன்னார். இந்த மூன்று பேரும் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை வேலையில் இருக்கிறார்கள் என்று வேலை கொடுப்பவர் சொன்னால், பகலில் பூட்டியிருந்ததற்குக் காரணம் கிடைத்துவிடும். இல்லையென்றால் அவர் மறுபடி வருவார். எந்த நாள் என்று சொல்ல மாட்டார், வேலை நேரத்தில்தான் வருவார். வரும்போது வீட்டில் குடியிருப்பவர் இருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம், டப்பாக்கள் குழாயின் மேல் சூடாகிக்கொண்டிருக்கும்போது, அக்கா முதலாளி முன்னால் போய் நின்றாள். நாங்கள் ஆளுக்கொரு துணியை மடிப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டோம்.

“சொல்றதுல எனக்கென்ன கஷ்டம்?” என்றார் முதலாளி. “சட்டப்படி எட்டு மணி நேரம். அதைச் சொல்றேன்.”

“எட்டு மணி நேரம்னா மிச்ச நேரம் நான் எங்க இருந்தேன்னு கேப்பாங்களேங்க.”

“அது உன் குடும்ப விஷயம்.”

“விடியறதுக்கு முன்ன வர்றோம். இருட்டினப்புறம் போறோம். அதைச் சொன்னாப் போதும்.”

“அதைச் சொன்னா எனக்கு எத்தனை பேர் வந்து என்னென்ன கேப்பாங்கன்னு தெரியுமா உனக்கு?” சட்டை மொடமொடத்தது. பிறகு குரல் இறங்கியது. “எதுக்கு இந்த அலைச்சல்? பின்வரிசையில ரூம் காலியாத்தான் இருக்கு. உங்களை மாதிரி எல்லாரும் பாதி வாடகைன்னு ஓடிட்டீங்க. திரும்பி வந்துடு. படுத்த இடத்துலேர்ந்து எந்திரிச்சா ரோலர்.”

“சரிங்க,” என்று சொல்லிவிட்டு அக்கா ரோலருக்குத் திரும்பினாள்.

அவ்வளவுதான், ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தோம். நான் உள்ளுக்குள் பின்வரிசைச் சுவரின் சூட்டை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நடந்து வரும்போது அக்கா யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

“நாளைக்கு நான் வரலடி. வீட்டுல இருக்கப்போறேன்.”

எத்தனை நாள் என்றேன். அவரு வர்ற வரைக்கும் என்றாள். வேலை போயிடும்க்கா என்றேன்.

“வீடு போனா வேலைக்கு எங்கேர்ந்து வர்றது?”

இதையும் மழை வருதுடி குரலில்தான் சொன்னாள். பின்னால் வந்துகொண்டிருந்த மடிப்புப் பகுதிப் பெண்களும் அதே கட்டடம்தான், எட்டி நடந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் ஒருத்தி, எங்க வீட்டிலயும் பகல்ல யாரும் இல்லையே என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. அடுத்தவள், எங்க வீட்டிலயும் என்றாள். வீடு வரும்வரை யாரும் வேறு எதுவும் பேசவில்லை. பேசாமல் நடந்ததைத்தான் பேச்சு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

விடிந்தது. பாய்லர் இருமியது. ரோலர் முன்னால் ஆள் இல்லை. சூப்பர்வைசர் மடிப்புப் பகுதிக்கு வந்து ஒரு பெண்ணைக் கை காட்டி, நீ நில்லு என்றார்.

“எனக்கு ரோலர் தெரியாதுங்க,” என்றாள் அவள். போன வருஷம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு வாரம் நின்றவள்.

அடுத்தவளைக் கூப்பிட்டார். அவளுக்கும் தெரியவில்லை. அதற்கடுத்தவளுக்கு ரோலர் என்றால் எது என்றே தெரியவில்லை. அக்கா மகளிடம் வந்து நின்றார். அம்மா பக்கத்தில் நின்று வளர்ந்த பெண். எனக்குச் சூடு ஆகாதுங்க என்றது. என்னிடம் வந்தார். நான் அழுக்குத் துணியை உயர்த்திக் காட்டினேன், தானே நகர்ந்துவிட்டார்.

அவரே நின்றார். முதல் விரிப்பு கோணலாகப் போய்ச் சுருண்டுகொண்டது. இரண்டாவதில் விரலைச் சுட்டுக்கொண்டு துள்ளினார். ஈர விரிப்புகள் தள்ளுவண்டியில் குவிந்து தண்ணீர் சொட்டின. வேன்காரர் காய்ந்த துணி இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது என்று வண்டிக்குள்ளேயே கண்ணை மூடிக்கொண்டார். எப்படியோ ஒரு நாள் தள்ளினார்கள். அடுத்த நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன். முதலாளி, வேலை ஓடாமல் நீராவி எதற்கு என்று பாய்லரை அணைக்கச் சொன்னார். எங்களுக்குப் பயம் வரட்டும் என்று செய்திருப்பார்.

பயம் வந்ததோ இல்லையோ, பசி வந்தது. குழாய் ஜில்லென்று கிடந்தது. டப்பாக்கள் அதன்மேல் பிணம் மாதிரி. ஒருத்தி தன் டப்பாவை எடுத்தாள். அக்கா வீட்டுல அடுப்பு இருக்கு என்றாள். எல்லோரும் டப்பாவை எடுத்துக்கொண்டோம். வேலை நிறுத்தம் என்று யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டைச் சூடு பண்ணப் போனோம்.

அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பகல் வெளிச்சத்தில் அவள் வீட்டை நானே அப்போதுதான் பார்க்கிறேன். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெயில் விழுமென்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரிந்திருக்காது. பால்கனிக் கம்பியில் துணி தொங்கியது. வாளியில், கையால் துவைத்தது. பிழியாமல் விட்ட ஓரங்களிலிருந்து நீர் இறங்கிக் கீழே தையல்காரரின் ஜன்னல் கட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் துண்டுத் துணியால் அதைத் துடைத்துவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்.

அடுப்பில் டப்பா மாறி டப்பா சூடாகிக்கொண்டிருந்தபோது பைக்காரர் வந்தார். வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்துத் திகைத்துப் போனார். “குடியில்லாத வீடுன்னு எழுதினேன். இப்ப ஊரே குடியிருக்கு,” என்றார். நம்பிக்கை இல்லாத குரல்தான். நாடகம் என்று நினைக்கிறார் என்பது தெரிந்தது. அக்கா எழுந்து தண்ணீர் கொடுத்தாள். நான் பேச வாயெடுத்தேன்.

அப்போதுதான் படியில் அந்தச் சத்தம். மொடமொட, மொடமொட. எங்கள் எல்லோருக்கும் முதுகு தானாக நிமிர்ந்தது, பழக்கம்.

முதலாளி வாசலில் நின்றார். பைக்காரர் ஓரமாக, தண்ணீர்ச் செம்போடு, தரையில் உட்கார்ந்திருந்தார். அவரை அக்காவின் சொந்தக்காரர் யாரோ என்று முதலாளி நினைத்திருக்க வேண்டும்.

“விருந்து நடக்குதா?” என்றார். அக்காவைப் பார்த்தார். “இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது விடிஞ்சு வந்திருக்கியா நீ? இருட்டுல வருவ, இருட்டுல போவ. உன் புருஷன், உன் பொண்ணு, எல்லாம் அப்படித்தான. பகல்ல இந்த வீட்டு மூஞ்சியையாவது பாத்திருக்கியா? இப்ப திடீர்னு என்ன வீட்டு ஆசை?”

அடுப்பில் டப்பா மூடி தடதடவென்று ஆடியது. பைக்காரர் செம்பைக் கீழே வைத்தார்.

“இதை இன்னொரு தடவை சொல்றீங்களா?”

“நீங்க யாரு?”

“வீட்டு அலுவலகம்.”

சட்டையின் சத்தம் நின்றது. முதலாளி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார், பிறகு சட்டப்படி எட்டு மணி நேரம்தான் என்று ஆரம்பித்தார். மிச்ச நேரம் இவங்க எங்க இருந்தாங்க என்றார் பைக்காரர்.

முதலாளி வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்.

“அது என் குடும்ப விஷயமாம்ங்க.”

பைக்காரர் பேனாவை எடுத்து எழுதினார். கேட்டதை எழுதுகிறேன், முடிவு என் கையில் இல்லை, எனக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். அவர்களுக்கு வேறு மாதிரி தோன்றினாலும் தோன்றலாம் என்றார். அக்கா, அப்படியா என்றாள்.

முதலாளி படியில் இரண்டு படி இறங்கித் திரும்பினார். சலவைக்கூடத்தில் சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதும்போது இடத்தில் இல்லாதவர்கள் நாளையிலிருந்து வர வேண்டாம். ஒருத்தருக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும்தான் என்றார். சத்தம் இறங்கிப் போனது. பைக்காரரும் பின்னாலேயே போனார்.

கடைசி டப்பாவை அக்கா வெறுங்கையால் இறக்கப் போனாள். மகள் கையைத் தட்டிவிட்டு ஒரு துணியைத் திணித்தது. “சுடும்மா.” அக்கா துணியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துணியால் பிடித்து இறக்கினாள். அவ்வளவு மெதுவாக அவள் எதையும் இறக்கி நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டோம். உப்பு அதிகம், குறைவு என்று பேச்சு வந்தது. வேலை போனால் என்ன செய்வது என்ற பேச்சும் வந்தது. நாளைக்கும் டப்பாவை இங்கே கொண்டுவருவது என்று மட்டும் முடிவானது. அடுத்து எந்த வீட்டில் தாள் ஒட்டினாலும் அந்த வீட்டுக்கு என்று ஒருத்தி சேர்த்துக்கொண்டாள்.

சங்கு ஊதியது.

யாரும் எழுந்திருக்கவில்லை. துணிச்சல் என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார்ந்ததில் எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது, மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். சங்கு நீளமாக ஊதி ஓய்ந்தது. கம்பியிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மறுபடி கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கீழே சூப்பர்வைசரின் குரல். விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு, தோளில் பை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மேலே ஏற அவருக்கு மனமில்லை போலிருக்கிறது. தையல்காரரிடம்தான் கேட்டார், மேல் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று.

மிஷின் நின்றது. நாங்கள் சாப்பாட்டுக் கையோடு காதைக் கொடுத்தோம். தையல்காரர் கண்ணாடியைக் கழற்றி வந்தவரை நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை யார் என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும் அல்லவா.

“எல்லாரும் இருக்காங்க,” என்றார்.

ஓரம் அடிக்கவில்லை. அதோடு விட்டுவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.